கொள்ளியும் ஒப்பாரியும்: ஊர் திரும்பும் பிள்ளைகள் பற்றி

மதுரையிலும் அதைச் சுற்றிய சமவெளி ஊர்களிலும் இன்று பல சாவு வீடுகளின் நேரத்தை விமானம் வந்திறங்கும் நேரமே முடிவு செய்கிறது. பொழுது சாயுமுன் எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்ட ஊர்கள், இப்போது துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் வந்து சேரும்வரை இரண்டு நாள், மூன்று நாள் காத்திருக்கின்றன. அவன் வந்து முகம் பார்த்து, கொள்ளி வைத்தால்தான் பெற்றவர் நல்லபடி போய்ச் சேர்ந்ததாக ஊர் நம்புகிறது. பெற்றோர் இறந்தபின் ஊர் திரும்பும் பயணம் என்றாலே நம் மனத்தில் எழுவது இந்த மகனின் உருவம்தான். ஆனால் இலக்கியமும் வழக்கத்தின் வரலாறும் வேறொன்றைச் சொல்கின்றன. இந்தப் பயணத்தை நெடுங்காலமாகச் செய்துவந்தவள் மகள். மகனுக்காக எல்லாவற்றிலும் வளைந்து கொடுத்த வழக்கம் அவளுக்காக மட்டும் வளையவில்லை. அது வளைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மகனின் வருகையைச் சொல்லும் கதைகளில் நம்மிடம் ஆழமாக வேரூன்றியது பட்டினத்தாருடையது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வணிகத்தால் பெருஞ்செல்வம் சேர்த்தவர் அனைத்தையும் துறந்தார். ஆனாலும் தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காக்க, அவள் இறந்தபோது வந்து நின்றார். அடுக்கிய விறகை விலக்கிப் பச்சை வாழைமட்டையை வைத்து, பாடியே தீ மூட்டினார் என்கிறது மரபு. துறவு பூண்டவருக்கு ஈமக்கடன் செய்யும் உரிமை சாத்திரப்படி கிடையாது. சொந்த ஊரான காலடிக்குத் திரும்பித் தாயின் சிதைக்குத் தீ வைத்த ஆதிசங்கரரின் கதையிலும் இதே விதிமீறல் உண்டு. உறவினர் உதவ மறுத்ததையும் அக்கதை மறைக்கவில்லை. தாய்க்குச் செய்யும் கடமை விதியைவிடப் பெரியது என்பதையே இவ்விரு கதைகளும் போற்றுகின்றன. மதுரையின் காப்பியமான சிலப்பதிகாரமோ திசையை மாற்றிக் காட்டுகிறது. புகாரைவிட்டு வந்த கோவலன் மதுரையில் கொலையுண்டதும் செய்திதான் ஊர் போய்ச் சேர்கிறது. அதைக் கேட்டுத் தாய் உயிர் விடுகிறாள்; தந்தை மாசாத்துவான் பௌத்தத் துறவியாகிறார். பிள்ளை திரும்பாமலே போவதும் நம் இலக்கியம் தொடக்கத்திலேயே அறிந்த துயரம்.

இந்த வரிசையில் ஏட்டில் இடம்பெறாத பெரும் இலக்கியம் ஒப்பாரி. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், திருப்புவனம் என்று வேற்றூருக்கு வாக்கப்பட்டுப் போன பெண்ணுக்குப் பிறந்த ஊர் மணநாளோடு தூரமாகிவிடுகிறது. அப்பன் செத்த சேதி வந்ததும் தலைவிரி கோலமாக ஓடிவருபவள் அவள்தான். தெருமுனையிலேயே குரல் எடுத்து, வாசலில் ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கும் பெண்களைக் கட்டிக்கொண்டு பாடத் தொடங்குகிறாள். இறந்தவரின் பெருமையோடு அவள் பாட்டு நிற்பதில்லை. அப்பன் இருந்தவரை திறந்திருந்த வாசல் இனித் திறக்குமா, அண்ணன் பெண்டாட்டி ஒரு வாய்த் தண்ணீர் தருவாளா, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சீர் வருமா என்றெல்லாம் கூடியிருக்கும் சனத்தின் முன் கேட்கிறாள். தொலைவு, குற்றவுணர்வு, தாமதம், உரிமை இழப்பு என்று இன்றைய புலம்பெயர்ந்தோர் எழுத்து பேசும் அத்தனையும் அந்தப் பாட்டில் இருக்கின்றன. கொள்ளி மகனின் சடங்கானது. அந்தப் பயணத்தின் மொழியோ மகளிடம் இருந்தது. பெரும்பாலும் ஆண்களின் கையில் இருந்த அச்செழுத்து சடங்கைப் பின்பற்றியது, மொழியைக் கேட்கவில்லை.

கடல் கடந்த மகன் பின்னால் வந்தவன். 19ஆம் நூற்றாண்டில் கங்காணிகள் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தார்கள். மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பல்கள் போயின. போனவன் பெரும்பாலும் அப்பன் சாவுக்கு வந்ததில்லை, வர முடிந்ததுமில்லை. கடிதம் கையில் கிடைப்பதற்குள் கருமாதியே முடிந்திருக்கும். நாவலாசிரியர் ப. சிங்காரம் 1938இல் இந்தோனேசியாவின் மெடானுக்குப் போய், 1946இல் திரும்பி, வாழ்வின் எஞ்சிய பெரும்பகுதியை மதுரையில் கழித்தவர். அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’யில் பாண்டியன் மெடானில் இருந்துகொண்டே மதுரைத் தெருக்களில் மனத்தால் நடக்கிறான், ஊர் திரும்பும் பேறு அவனுக்கு வாய்க்கவில்லை. அப்படித் திரும்பாதவர்களின் வீட்டுச் சாவுகள் நின்றுவிடவில்லை. பங்காளி மகனோ பேரனோ கொள்ளி வைத்தார்கள். மகன் கை படாமலே பெற்றவர்களை அனுப்பி வைத்த காலம் நமக்கு உண்டு. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

அந்த நிலையை மாற்றியவை குளிர்பதனப் பெட்டியும் விமானமும். சாவுச் சேதியின் மறுபெயராகவே இருந்த தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுக்கு வந்தது; அதற்கு வெகுகாலம் முன்பே அந்த இடத்தைக் கைபேசி பிடித்துவிட்டது. 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் வாழும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. மதுரை விமான நிலையத்துக்கு இன்று வெளிநாட்டிலிருந்து நேரடியாகவே வர முடிகிறது. தெருவை அடைத்த சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், பெட்டியின் மூடியில் ஈரம் படியும்போதெல்லாம் முந்தானையால் துடைத்து முகம் பார்க்கும் கிழவிகள், சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, அதில் ஊர்ப் பெயரோடு முதலில் நிற்கும் வெளிநாட்டு மகன் என்று காத்திருப்புக்கே ஒரு புது முறை உருவாகிவிட்டது. விறகு அடுக்கிய சுடலையின் இடத்தைத் தத்தனேரி மின்மயானம் எடுத்துக்கொண்டது. மகனின் விடுப்பு முடியுமுன் செய்துவிட வேண்டும் என்று பதினாறாம் நாள் கருமாதி ஐந்தாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் வந்துவிட்டது. நேரம், இடம், நாள் எல்லாம் மாறின. கடைசி வருடங்களில் மருந்து கொடுத்து, மலம் அள்ளிப் பார்த்துக்கொண்ட மகள், தூக்கும்போது தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பது மட்டும் இன்னும் பெரும்பாலான வீடுகளில் மாறவில்லை.

இது முன்னோர் வகுத்தது, கை வைக்கக் கூடாது என்று ஒரு மறுப்பு எழும். முன்னோர் வகுத்த நாளையும் நேரத்தையும் மாற்றிக்கொண்ட பிறகு இந்த மறுப்புக்கு வலு இல்லை. கொள்ளி என்பது குல உரிமை, காணி உரிமையோடு பிணைந்தது என்பது இன்னொரு மறுப்பு. வரலாற்றுப்படி அது உண்மைதான். அந்தப் பிணைப்பைச் சட்டம் அவிழ்த்துவிட்டது: பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் திருத்தியது, 2005இல் மத்தியச் சட்டமும் அதை ஏற்றது. வாரிசுச் சான்றிதழில் மகளின் பெயர் இருக்கும்போது மயானத்தில் அவள் கைக்கு இடமில்லை என்பது நியாயமாகாது.

மூன்றாவது மறுப்பு மனத்தைத் தொடுவது. தூரத்தில் தவித்த மகனுக்கு அந்தத் தீதான் ஆறுதல், அதையும் பறிக்கலாமா என்று கேட்பார்கள். பறிக்க வேண்டியதில்லை. முகம் பார்ப்பதும் கொள்ளி வைப்பதும் வேறு வேறு என்று பிரித்துப் பார்த்தால் போதும். முகம் பார்ப்பதற்காகக் காத்திருப்பது அன்பு. ஆனால் அவன் வந்தால்தான் காரியம் என்று ஆக்கிவிட்டால், வர முடியாதவன் ஆயுளுக்கும் குற்றவாளியாகிறான். வளைகுடாவில் முதலாளியின் அனுமதிக்குக் கைகட்டி நிற்கும் தொழிலாளிக்கு அடுத்த விமானத்தில் ஏறும் வசதி இல்லை. 2020 மார்ச்சில் பன்னாட்டு விமானங்கள் நின்றபோது வசதியுள்ளவர்களும் பெற்றவரின் சிதையைக் கைபேசித் திரையில்தான் பார்த்தார்கள். நம் பக்கத்துத் தெருவிலேயே வேறு வழியும் இருக்கிறது. காஜிமார் தெரு போன்ற முஸ்லிம் பகுதிகளில் இயன்றவரை தாமதமின்றி அடக்கம் செய்துவிடுவதே வழக்கம். வெளிநாட்டு மகன் பிறகு வந்து கப்ரடியில் நின்று துஆ செய்கிறான். அவன் துயரமோ கடமையோ அதனால் குறைந்ததாக யாரும் கருதுவதில்லை.

2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டின் கருவள விகிதத்தை 1.4 என்கிறது. ஒற்றைப் பிள்ளை வீடுகள் பெருகுகின்றன. அந்த ஒரு பிள்ளை மகளாக இருக்கலாம், அவள் டொராண்டோவிலோ டல்லாஸிலோ இருக்கவும் கூடும். அந்த வீட்டில் ஊரும் உறவும் யாருக்காகக் காத்திருக்கும் என்பது இனி ஏட்டுக் கேள்வியில்லை. மகள் கொள்ளி வைத்தாள் என்று நாளிதழில் அவ்வப்போது படிக்கிறோம். அது இன்னமும் செய்தியாக இருப்பதே நாம் போக வேண்டிய தூரத்தைக் காட்டுகிறது. பங்காளிகளும் ஊர்ப் பெரியவர்களும் கூடி ஒரு வார்த்தை சொன்னால் போதும்: பிள்ளைகளில் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் கையால் காரியம் நடக்கட்டும், தூரத்தில் இருப்பவர் வரும்போது வந்து அழட்டும். விதியை மீறித் தாய்க்குத் தீ மூட்டியவரைக் கொண்டாடும் மரபுக்கு இந்த ஒரு வார்த்தை பெரிய பாரமல்ல.