இடுக்கில் பிறந்த சொல்

மனத்துன்பத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் 'ஆங்குவிஷ்' என்பது வலியின் பெயராக அன்றி இடநெருக்கத்தின் பெயராகப் பிறந்தது. லத்தீனில் 'அங்குஸ்தியா' என்றால் குறுகிய இடம். மலைகளுக்கு நடுவிலுள்ள கணவாய்க்கும் அச்சொல்லே வழங்கியது. அதன் உறவுச் சொல்லான 'அங்கெரே' என்னும் வினை தொண்டையை நெரித்தலைக் குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துள் வந்தபோது உடல்வலி, உளவலி இரண்டுக்கும் பொதுவாக நின்ற இச்சொல், காலப்போக்கில் பெரும்பாலும் உள்ளத்துக்கே உரியதாகியது.

கவலையைச் சுட்டும் 'ஆங்சைட்டி', நார்ஸ் மொழியிலிருந்து வந்து இன்று சினத்தைச் சுட்டும் 'ஆங்கர்', 1772இல் அச்சான கட்டுரையில் வில்லியம் ஹெபர்டன் ஒருவகை நெஞ்சுவலிக்கு இட்ட 'ஆஞ்சைனா' என்னும் பெயர், ரிக்வேதத்தில் நெருக்கத்தையும் துன்பத்தையும் ஒருங்கே உணர்த்தும் 'அம்ஹஸ்' ஆகியவை யாவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகளாகக் கருதப்படுகின்றன. இழப்பின் துயரைக் குறிக்கும் 'கிரீஃப்' பாரத்தைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்தும், கடுந்துன்பத்தைக் குறிக்கும் 'ஆகனி' போட்டியைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்தும் வந்தவை என்பதால், அகராதிகள் மூன்றையும் ஒருபொருட் பன்மொழிகளாக அடுக்கினாலும் அவற்றுள் உறையும் படிமங்கள் வேறுவேறு.

இது ஒரு மொழிக்குடும்பத்தின் தனிவழக்கு என்றும் ஒதுக்க இயலாது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் 'ஆங்குவிஷ்' என்று தருமிடங்களுள், உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கிரேக்க மூலத்தில் இடக்குறுக்கம் எனப் பொருள்படும் 'ஸ்டெனோகோரியா' இருக்கிறது. அக்குடும்பத்தைச் சேராத எபிரேயத்திலும், எரேமியா நூலில், குறுகியது என்னும் பொருளுடைய அடியிலிருந்து பிறந்த சொல்லே நிற்கிறது. நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது என்னும் தமிழ்ப் பேச்சுவழக்கையும் இவற்றோடு சேர்த்து நோக்கினால், இப்படிமத்தை மொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கியதைவிட உடலிடமிருந்து வாங்கியதே மிகுதி எனத் தோன்றுகிறது.

மெய்யியல் மொழிபெயர்ப்பில்தான் குழப்பம் மிகுந்தது. 1844இல் கீர்க்கெகோர் டேனிய மொழியில் எழுதிய நூலின் தலைப்பிலுள்ள 'ஆங்ஸ்ட்' 1944இன் ஆங்கிலப் பெயர்ப்பில் பேரச்சமாகவும் 1980இன் பெயர்ப்பில் 'ஆங்சைட்டி'யாகவும் ஆனது. சார்த்தர் பிரெஞ்சில் எழுதிய 'ஆங்குவாஸ்' 1956இல் 'ஆங்குவிஷ்' ஆயிற்று. ஒரே வேர்ச்சொல் மூன்று முகம் கொள்ளவே, ஆங்கிலம் வழி பயில்வோர் தொடர்புடைய ஒரு சிந்தனை மரபை மூன்று தனிப்பொருள்களாக எண்ண நேர்கிறது. சட்டத்திலோ சொல் உறுதிப்பட்டது: இறப்புச் செய்தி சுமந்த தந்தி தாமதமானதற்கு மனத்துன்பத்தை முன்னிட்டே இழப்பீடு கோரலாம் என்ற 1881ஆம் ஆண்டின் டெக்சாஸ் தீர்ப்பிலிருந்து வளர்ந்த கோட்பாடு 'மென்டல் ஆங்குவிஷ்' என்றே அறியப்படுகிறது.

தமிழில் 'ஆங்குவிஷ்' என்பதற்கு வழக்கமாக வைக்கப்படும் 'வேதனை' சற்றும் பொருந்தாத படிமமுடையது; அறிதலையும் உணர்தலையும் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்த அச்சொல், பௌத்த நூல்களில் இன்ப உணர்வையும் உள்ளடக்கியது. இடுக்கு, இடுங்குதல் என்பவற்றோடு ஒலியாலும் பொருளாலும் நெருங்கிய 'இடுக்கண்' மிகப் பொருத்தமானது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கையாற்றை அடுத்து அதனை வைக்கிறது. திருக்குறளின் 63ஆம் அதிகாரத் தலைப்பு அச்சொல்லைக் கொண்டே தொடங்குகிறது. ஆயினும் அது பேச்சிலிருந்து மறைந்து நெடுங்காலமாயிற்று. அதற்கு அடுத்தபடியாகத் தகுதியுடைய 'நெருக்கடி'யையோ அரசியலும் பொருளாதாரமும் எடுத்துக்கொண்டுவிட்டன.