யார் வீட்டு கப்?

புனேயில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணினாள்.

‘‘அப்பா, ரவா இட்லி களி மாதிரி ஆயிடுச்சு. எனக்குக் கைப்பக்குவமே கிடையாதுப்பா!’’

என்ன போட்டாய் என்று விசாரித்தேன். ‘‘நீங்க வாங்கிக் குடுத்த புக்ல உள்ளபடிதான். ரவை ஒரு கப், தயிர் ஒரு கப்.’’ ரவையை 200 மில்லி டம்ளரில் அளந்திருக்கிறாள். தயிருக்குக் கடைக்குப் போய் ‘கப் தயிர்’ வாங்கியிருக்கிறாள். மூடியில் 400 கிராம் என்று போட்டிருந்ததாம். ஒரு கப்தானே? முழுசையும் கவிழ்த்துவிட்டாள்.

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, தப்பு அவளுடையது இல்லை.

அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி வீட்டில் இருந்தது. பெயர் வேண்டாம். வழவழ தாள், வாயில் எச்சில் ஊறவைக்கும் கலர் படங்கள், ‘புதிதாகச் சமைப்பவர்களுக்காகவே’ என்று முன்னுரை. திரும்பின பக்கமெல்லாம் கப். ஆனால், கப் என்றால் எவ்வளவு என்று அட்டை முதல் அட்டை வரை ஒரு வரி இல்லை.

மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-ல் வந்தபோது ஆழாக்குக் கணக்கு சொன்னார். அன்றைக்கு ஆழாக்கு எல்லார் வீட்டிலும் இருந்த பாத்திரம். மெட்ரிக் முறை வந்து ஆழாக்கும் படியும் கடையை விட்டுப் போயின. அந்த இடத்தில் நம்மவர்கள் கொண்டுவந்து வைத்தது கப். அமெரிக்காவில் கப் என்பது ஒரு அளவு. சுமார் 237 மில்லி. 1896-லேயே ஃபேன்னி ஃபார்மர் தன் புத்தகத்தில், கப்பைத் தலை தட்டி அளக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லிவிட்டார். நாம் கப்பை இறக்குமதி செய்தோம். அளவை அங்கேயே விட்டுவிட்டோம்.

‘எந்தக் கப்பானால் என்ன, எல்லாவற்றுக்கும் ஒரே கப்பாக இருந்தால் போதுமே’ என்பார்கள். நியாயம்தான், வீட்டில் தயிர் தோய்த்த காலம் வரை. இன்றைக்குப் பால் பாக்கெட்டில் மில்லி, தயிர் பாக்கெட்டில் கிராம். புத்தகத்தில் கப். மூன்றையும் டேலி பண்ண வேண்டியது இருபத்துமூன்று வயசுப் பெண்.

இத்தனைக்கும் தயிர் சாதுவான சரக்கு. ஒரு மில்லி தயிர் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். 240 மில்லி கப் என்றால் 245, 250 கிராம். 200 மில்லி டம்ளர் என்றால் 205. ரூபாய்க்கு மூன்று பைசா வித்தியாசம், பி.காம். படித்த நானே கண்டுகொள்ள மாட்டேன். ரவைக்கு இந்தக் கணக்கு நடக்காது. அதே 240 மில்லி கப்பில் 170 கிராம் பக்கம்தான் பிடிக்கும். தயிரிலும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டித் தயிரைக் கரண்டியால் அள்ளிப் போட்டால் கப்பில் சந்து விழும், எடை குறையும். கடைந்துவிட்டு ஊற்றினால் நிறையும். ‘கடைந்த தயிர், 250 கிராம்’ என்று அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?

எனக்குக் கோபம் வேறு இடத்தில். எழுதினவர் விட்ட அளவுக்கு நாம் வைத்திருக்கும் செல்லப் பெயர்தான் ‘கைப்பக்குவம்’. இட்லி சரியாக வந்தால் புத்தகத்துக்குப் பெருமை. வராவிட்டால், எங்கோ ஒரு பெண் தனக்குச் சமையல் வராது என்று முடிவுகட்டிக்கொள்கிறாள்.

மகளிடம் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அடுத்த வாரம் ரவா இட்லி நன்றாக வந்ததாம். நேற்று மறுபடியும் போன்.

‘‘அப்பா, அடைக்கு உளுந்து ஒரு கைப்பிடின்னு போட்டிருக்காங்க. யார் கைப்பா?’’