முகதரிசனம் போதாது: ஸ்டீரியோ ரிசீவர் பாணிகள்

நாகஸ்வரத்தில் பாணி எதுவென்று காது சொல்லிவிடும். பழைய ஸ்டீரியோ ரிசீவரில் அந்த வேலையைக் கண் செய்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு செட்டைப் போடுங்கள். டயல் முழுக்க நீலமாக எரிந்தால் மராண்ட்ஸ். கறுப்புக் கண்ணாடியில் பச்சை எழுத்துகள் மிதந்தால் மெக்கின்டாஷ். வெள்ளி முகமும் வெளிர்மரப் பெட்டியுமாக, அலங்காரமே வேண்டாம் என்று நின்றால் யமஹா. சேகரிப்பவர்களில் பலர் இந்த முகதரிசனத்தோடு நின்றுவிடுகிறார்கள். குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படி விழுந்தவன்தான். ஆனால் ரேடியோ, பிரீ-ஆம்ப், பவர் ஆம்ப் மூன்றும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் நடத்துவதற்குத்தான் ரிசீவர் என்று பெயர். எந்தப் பாணிக்காரர் யாருக்குப் பெரிய அறை ஒதுக்கினார் என்பது மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

வம்சம் அமெரிக்காவில் தொடங்குகிறது. ஹார்மன் கார்டன் 1958இல் கொண்டுவந்த ஃபெஸ்டிவல் டிஏ-230 முதல் ஸ்டீரியோ ரிசீவர் என்று பெயர் வாங்கியது. அப்போது எஃப்.எம்.மில் ஸ்டீரியோ கிடையாது. ஒரு காதுக்கு ஏ.எம்., மறு காதுக்கு எஃப்.எம். என்று இரண்டு ஒலிபரப்பைச் சேர்த்துக் கேட்டார்கள். 1961இல் எஃப்.எம். ஸ்டீரியோவுக்கு அமெரிக்க அரசு முறை வகுத்த பிறகே இந்த ஒட்டுவேலை ஒழிந்தது. அதன்பின் வந்த ஃபிஷர் 500-சி, வால்வு பாணியின் உச்சம். அதைச் செய்த ஏவரி ஃபிஷர் 1969இல் கம்பெனியை விற்றார். நியூயார்க் லிங்கன் சென்டருக்கு அவர் அள்ளிக் கொடுத்த நன்கொடைக்காக அங்கிருந்த இசையரங்குக்கு 1973இல் அவர் பெயரையே வைத்தார்கள். ரேடியோப் பெட்டி விற்ற காசு சிம்பொனிக்குப் போய்ச் சேர்ந்தது.

சால் மராண்ட்ஸ் தொடங்கிய நிறுவனம் 1964இல் சூப்பர்ஸ்கோப் கைக்கு மாறியது. அதன் 22 வரிசை 1970களில் வந்தது. பெயரிலேயே கணக்கு இருக்கும்: 2230 என்றால் சானலுக்கு 30 வாட், 2245க்கு 45, 2270க்கு 70. இந்தப் பாணியை அறிய 2270இன் டியூனிங்கைத் தொட வேண்டும். குமிழ் இல்லை. கனத்த சக்கரம் ஒன்றின் விளிம்பு மட்டும் முகப்பில் எட்டிப் பார்க்கும். விரலால் ஒரு தள்ளு. முள் 88இலிருந்து 108 வரை எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடும். நிலையம் நெருங்கும்போது விரல் நுனியை வைத்தால் போதும், நின்றுவிடும். நம்பாதவர்கள் ஒருமுறை தள்ளிப் பார்க்கட்டும்.

ஜப்பானியரில் சான்சுயி தனி ரகம். பெயருக்கு மலையும் நீரும் என்று பொருள். ஆரம்பத் தொழில் டிரான்ஸ்பார்மர் செய்வது. அந்தப் பழக்கம் போகவில்லை, செட்டைத் தூக்கும்போதே தெரியும். பயனியர் எல்லா விலைக்கும் ஒரு செட் வைத்திருந்தது. டிரையோவும் கென்வுட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். என் மனம் போவது ஹார்மன் கார்டன் 730 பக்கம்: 40 வாட்தான், ஆனால் இடதுக்கு ஒரு பவர் டிரான்ஸ்பார்மர், வலதுக்கு ஒன்று. ஒரு சானல் அலறினாலும் மறு சானலின் மின்சாரம் அசையாது.

தரத்துக்கு அளவுகோல் வந்த கதை சுவையானது. 1974 வரை விளம்பரங்களில் 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று வாய்க்கு வந்த வாட் எண்கள். அந்த ஆண்டு அமெரிக்க வணிக ஆணையம் கடிவாளம் போட்டது. மூன்றில் ஒரு பங்கு சக்தியில் ஒரு மணி நேரம் சூடேற்றிய பிறகு, இரண்டு சானலும் சேர்ந்து பாட, இவ்வளவு வாட்டுக்கு இவ்வளவு திரிபு என்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு சுலபம் என்று நினைக்க வேண்டாம். இந்த ஆம்ப்கள் ஏறக்குறைய அந்த அளவில்தான் உச்ச சூட்டில் தகிக்கும். அதனால் ஹீட் சிங்க்குகள் பெருத்தன.

எண்ணை நம்பலாம் என்றானதும் எண்ணுக்கே போட்டி கிளம்பியது. பயனியர் எஸ்எக்ஸ்-1010க்கு 100 வாட், 1250க்கு 160, 1978இல் வந்த எஸ்எக்ஸ்-1980க்கு 270. மராண்ட்ஸ் 2600 முந்நூறைத் தொட்டது. டெக்னிக்ஸ் எஸ்ஏ-1000 முந்நூற்று முப்பது என்றது. எஸ்எக்ஸ்-1980இன் எடை சுமார் 35 கிலோ. இன்று ஏலத்தில் அடிதடி இவற்றுக்குத்தான். வாட்டை இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது ஒரு சின்னப் படி. கூடத்தில் பாட்டுக் கேட்பவருக்கு 40 வாட் தாராளம் என்பது என் கட்சி.

நம் ஊருக்கு வரும்போது மூன்று சிக்கல். அமெரிக்க செட்டுக்கு 120 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரை மறந்து ஒருமுறை நேராகச் சுவரில் சொருகிப் புகை பார்த்தவன் நான். ஜப்பான் உள்ளூர் செட்டின் எஃப்.எம். 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். சென்னையின் தனியார் பண்பலைகள் எல்லாம் 90க்கு மேல். மூன்றாவது நுட்பமானது. எஃப்.எம். ஒலிபரப்பில் உச்ச ஸ்தாயியைத் தூக்கி அனுப்பி, செட்டில் அதே அளவுக்கு இறக்குவார்கள். அந்த அளவு அமெரிக்காவில் 75 மைக்ரோசெகண்ட், இங்கே 50. அமெரிக்க செட் நம் ஒலிபரப்பைக் கொஞ்சம் அதிகமாகவே இறக்கிவிடும். ஜால்ரா மங்கும். சிலர் 'பழைய செட்டின் கனிந்த நாதம்' என்று உருகுவதில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழைதான். ஒரு ரேடியோ மெக்கானிக் இரண்டு கன்டென்சரை மாற்றினால் ஜால்ரா திரும்பிவிடும்.

வாங்கப் போகிறவர் மூடியைத் திறக்கச் சொல்லத் தயங்கக்கூடாது. மராண்ட்ஸ் டயலுக்குப் பின்னால் ஒளியைப் பரப்பும் எண்ணெய்த்தாள் போன்ற காகிதம் பல்பின் சூட்டில் பழுத்துக் கருகியிருக்கும். கன்டென்சர் அடியில் ஒட்டிய மஞ்சள் பசை பழுப்பானால் கம்பிக் கால்களை அரிக்கும். வால்யூமைத் திருப்பினால் கரகரப்பு வருவது பெரிய நோயல்ல, தூசுதான். பழைய கன்டென்சரை மாற்றுவது வைத்தியம். பல்பை எடுத்துக் கண் கூசும் நீல எல்.இ.டி. போடுவது முகப்பூச்சு. முதலாவதற்கு ஆட்சேபம் இல்லை.

பிறகு சீரிஸ் லேம்ப்: செட்டுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு குண்டு பல்பு வழியாக அனுப்பிப் பார்ப்பது. குண்டு பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் பிழைத்தோம். முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். மங்கியதும் பல்பை விலக்கி நேராகக் கொடுக்கலாம். பெரிய செட் என்றால் நாலைந்து விநாடியில் பாதுகாப்பு ரிலே 'டக்' என்னும். பையிலிருந்து அந்தக் குண்டு பல்பை எடுக்கும்போதே சில விற்பனைக்காரர்கள் விலையை இறக்கிவிடுவதும் உண்டு.