பாதி எரியும் சிவப்பு

செகண்ட் ஹேண்ட் காரின் எல்.இ.டி. பின்விளக்கில் சிவப்புக் கோடு பாதியோடு நின்றுவிட்டால், முழு விளக்கையும் மாற்றிவிடலாம் என்பார்கள். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பழையதும் கிடைக்கலாம். ஆனால் காரிலுள்ள விளக்கையே பிரித்துப் பழுது பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் கைகள் அருகிருந்து பார்க்க வேண்டியவை.

எடுத்தவுடன் அவர் எதையும் கழற்றுவதில்லை. விளக்கை எரியவிட்டு, விரலை மடக்கி மேலே தட்டுகிறார். இருண்ட பகுதி ஒரு கணம் மினுக்கினால் அவர் முகம் தெளிகிறது: எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது, எல்.இ.டி. சாகவில்லை. சிலவற்றைத் தொடராகக் கோத்திருப்பதால், ஓரிடம் அறுந்தாலே அந்த வரிசை முழுக்க அணையும். எத்தனை அணைந்தன என்பதைவிட, எங்கிருந்து எதுவரை என்பதே அவருக்குத் துப்பு. பிறகு விளக்கைக் கழற்றிச் சூடாக்குகிறார்; ஹீட் கன் சூட்டில் விளிம்பின் கறுப்புப் பசை இளகி, நூல் நூலாக இழுபட்டு மூடி பிரிகிறது. இங்கே அவசரப்பட்டால் பிளாஸ்டிக் நெளியும். அவர் அவசரப்படுவதே இல்லை. டயோடு நிலையில் வைத்த மல்டிமீட்டரின் முனைகள் தொடத் தொட, நல்ல எல்.இ.டி.கள் மாதுளை முத்தாய் மங்கலாகச் சிவக்கின்றன. சர்க்யூட் பலகையில் தொட்டால் சிவக்காத ஒன்று, அதன் காலிலேயே தொட்டால் சிவக்கிறது. அப்படியென்றால் பழுது பற்றவைத்த ஈயத்தில்தான்! சால்டரிங் அயர்னின் சூடான முனை பட்டதும் மெல்லிய ‘ஸ்ஸ்’, பிசின் மணக்கும் புகை, பளபளத்து அமரும் ஈயம். ஈரம் தங்கினால் செம்பு பச்சை பூக்கும் என்பதால், நன்றாக உலர்த்திய பிறகே மூடியை ஒட்டுகிறார். பிறகு பிரேக்கை மிதிக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் ஒரே பிரகாசமா என்று பார்க்கப் பின்னால் போகிறார்.