சுண்ணாம்புத்தூள் கலந்தால் குழாய் சூடு தாங்குமா?

கல்மண்டபத்துக் குழாய்க் கடை ஒன்றில் அண்மையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. வெந்நீருக்குக் குழாய் கேட்ட ஒருவரிடம் கடைக்காரர் சாதாரண பி.வி.சி. குழாயை எடுத்து நீட்டினார். "மினரல் கலந்தது சார். தூக்கிப் பாருங்க, என்ன கனம்! எவ்வளவு சூடும் தாங்கும்."

கடைக்காரரை மட்டும் குறை சொல்வானேன்? கனிம நிரப்பிகள் பிளாஸ்டிக்கின் வெப்பந்தாங்கும் திறனைக் கூட்டுகின்றன என்று அறிவியல் கட்டுரைகளும் ஒரே வரியில் எழுதிவிடுகின்றன. அவ்வரி பாதி உண்மை.

பாலிபுரொப்பிலீனுக்கு அது பொருந்தும். அதன் மூலக்கூறுச் சங்கிலிகளில் ஒரு பகுதி படிகங்களாக அடுக்கப்பட்டுள்ளது. அப்படிகங்கள் உருகச் சுமார் 160 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதுவரை பொருள் மிருதுவானாலும் உருக்குலைவதில்லை. டால்க் தூளின் தட்டைத் துகள்கள் இந்த மிருதுவான பகுதியை விறைப்பாக்குவதால், பளுவின்கீழ் அது வளையும் வெப்பநிலை நன்கு உயர்கிறது. ராஜஸ்தானில் கிடைக்கும் ஊசி வடிவ வொல்லாஸ்டோனைட்டும் இதற்குப் பயன்படும்.

பி.வி.சி.யின் கதை வேறு. அதில் படிகம் மிகக் குறைவு. சுமார் 80 டிகிரியில் சங்கிலிகள் நெகிழத் தொடங்கிவிடும். தூளை எவ்வளவு கொட்டினாலும் அந்த எல்லை பெரிதாக நகராது. கடலை மிட்டாயை வெயிலில் வைத்துப் பாருங்கள். கடலை இளகுவதில்லை, பாகு இளகுகிறது, மிட்டாய் குழைகிறது. எல்லையை உயர்த்தப் பாகையே மாற்ற வேண்டும். பி.வி.சி.யில் ஏறத்தாழ 57 சதவீதமுள்ள குளோரினை 67 வரை கூட்டினால் கிடைப்பது சி.பி.வி.சி. அதன் குழாய்கள் 82 டிகிரி வெந்நீரையும் அழுத்தத்தோடு கடத்தும்.

விளம்பரங்கள் காட்டும் வெப்பநிலை எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு சிறு பட்டையின் நடுவில் பளு வைத்து, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் சூடாக்கி, 0.25 மில்லிமீட்டர் வளையும்போது வெப்பநிலையைக் குறிக்கிறார்கள். விறைப்பை அறிய இது போதும். ஆனால் குழாய் ஆண்டுக்கணக்கில் உள்ளழுத்தத்தைத் தாங்க வேண்டிய பொருள். பிசினோடு சரியாகப் பற்றாத பருந்துகள் ஒவ்வொன்றும் விரிசல் தொடங்கும் இடமாகலாம். அதை அந்தச் சில நிமிடச் சோதனை சொல்லாது.

கனத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. பி.வி.சி.யின் அடர்த்தி 1.4, சுண்ணாம்புக்கல் தூளின் அடர்த்தி 2.7. நூறு கிலோ பி.வி.சி.யில் 40 கிலோ தூள் கலந்தால் அடர்த்தி சுமார் 1.62 ஆகிறது. அதாவது, அதே அளவுக் குழாய் 16 சதவீதம் கூடுதல் கனம்! கடைக்காரர் பெருமையாகக் காட்டிய கனம், மலிவான தூளின் கனமாகவும் இருக்கலாம்.

இதனால் நிரப்பி என்றாலே கலப்படம் என்று முடிவு கட்டுவதும் தவறு. மிக நுண்ணியதாக அரைத்து, ஸ்டியரிக் அமிலம் பூசிய தூள், அளவோடு சேர்ந்தால் குழாய்க்கு விறைப்பும், வார்ப்பில் எளிமையும் தரும். அளவு மீறுவதுதான் கேடு.

வெந்நீர்க் குழாய் வாங்குவோர் அதன் மேல் ஐ.எஸ். 15778 என்ற எண் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்க்கலாம். சி.பி.வி.சி. குழாய்க்கான இந்தியத் தரம் அது. ஐ.எஸ். 4985 என்றிருந்தால் அது சாதாரண பி.வி.சி.; தண்ணீர்த் தொட்டியிலிருந்து குளிர்ந்த நீர் இறங்க மட்டுமே ஏற்றது.