கடிதத்தை எழுதியது யார்?

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் அம்மா ஒரு வெளிநாட்டுப் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் கட்டிவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மேசை போட்டு, பிள்ளைகளின் படங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். அம்மா ஒரு படத்தை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

கடிதம் எழுத வேண்டும் என்று வந்தபோதுதான் சிக்கல். அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத வராது. "நீயே ஏதாச்சும் எழுதிப் போடுடா" என்றார். நான் அப்போது படிவம் மூன்று. நன்றாகப் படி, பெரியவங்க பேச்சைக் கேள், தினமும் ஜெபம் பண்ணு என்று அம்மாவின் பெயரில் எழுதினேன். மூன்றில் ஒன்றைக்கூட நான் செய்துகொண்டிருக்கவில்லை.

பதில் வரும். மேலே அந்தப் பிள்ளையின் குண்டு குண்டு எழுத்து, கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு. மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது, உங்களுக்காக ஜெபிக்கிறேன், நன்றி. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இதே வரிகள். பல ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது. அம்மாவும் அந்தப் பிள்ளையும் பேசிக்கொள்ளவே இல்லை. இங்கே நான், அங்கே யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர். கடிதம் போட்டுக்கொண்டது நாங்கள் இரண்டு பேரும்தான்.

இந்த ஸ்பான்சர் கடிதத்தை ஓர் இலக்கிய வகைமையாக எடுத்துக்கொண்டு வாசித்தால் என்ன என்று கொஞ்ச நாளாக யோசிக்கிறேன். உலகம் முழுக்க லட்சக்கணக்கில் எழுதப்படும் ஒரு வகைமைக்கு விமர்சனமே இல்லை என்பது விசித்திரம்தானே?

பாப் பியர்ஸ் என்ற அமெரிக்கப் போதகர் 1950இல் வேர்ல்ட் விஷன் அமைப்பைத் தொடங்கினார். கொரியப் போரில் அநாதையான பிள்ளைகளுக்காக 1953இல் ஸ்பான்சர் திட்டம் வந்தது. அதே கொரியப் பிள்ளைகளை முன்வைத்து 1952இல் தொடங்கியதுதான் இன்று கம்பேஷன் இன்டர்நேஷனல் எனப்படும் அமைப்பு. இவர்கள் சேர்த்த பணத்தைவிட முக்கியமானது, இவர்கள் பரப்பிய வடிவம். ஒரு பெயர், ஒரு படம், ஒரு கடிதம். வறுமை என்ற பெரிய விஷயம் ஒரே ஒரு கதாபாத்திரம் உள்ள கதையாகச் சுருங்கிவிடுகிறது. வேர்ல்ட் விஷன் போன்ற அமைப்புகளில் பணம் அந்தப் பிள்ளையின் கைக்குப் போவதில்லை. கிணறு, பள்ளி, மருத்துவம் என்று ஊருக்குப் பொதுவாகப் போகிறது. அதை அவர்களே சொல்கிறார்கள். பொறியியல் பாஷையில் சொன்னால் பிள்ளை ஓர் இடைமுகம். பின்னால் ஓடும் இயந்திரம் வேறு.

இந்த வடிவத்தின் இரண்டு ஓரங்களையும் காட்டும் இரண்டு படைப்புகள் உண்டு. ஒன்று, ஜீன் வெப்ஸ்டர் 1912இல் எழுதிய 'டாடி லாங் லெக்ஸ்' நாவல். அநாதை இல்லத்தில் வளர்ந்த ஜூடியை முகம் காட்டாத ஒரு பணக்காரர் கல்லூரிக்கு அனுப்புகிறார். அவள் மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும், பணத்துக்கு நன்றி மட்டும் சொல்லக்கூடாது. இதுதான் நிபந்தனை. இந்த ஒரு நிபந்தனைதான் நாவலையே சாத்தியமாக்குகிறது என்பேன். நன்றி சொல்லும் வேலை இல்லாததால் ஜூடி கோபப்படுகிறாள், கிண்டலடிக்கிறாள். தானமாக வந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன அவமானத்தைச் சொல்கிறாள். ஏழைகள் இருப்பதே நம்மைத் தர்மவான்களாக வைத்திருக்கத்தான் என்று பிரசங்கம் செய்த பிஷப்பை வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். ஆனால் அவர் பதில் எழுதுவதில்லை. விடுமுறையை எங்கே கழிக்க வேண்டும் என்ற உத்தரவு மட்டும் செயலாளர் வழியாக வருகிறது. கடைசியில் அவரையே கல்யாணம் செய்துகொள்கிறாள். பேச்சு அவளுடையது, அதிகாரம் அவருடையது.

இரண்டாவது, அலெக்சாண்டர் பெயின் இயக்கிய 'அபவுட் ஷ்மிட்' (2002). இங்கே எல்லாம் தலைகீழ். காப்பீட்டு நிறுவனத்தில் ஓய்வுபெற்ற ஷ்மிட், தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மாதம் 22 டாலர் கட்டி, தான்சானியாவில் உண்டுகு என்ற பையனை ஆதரிக்கிறார். கடிதம் எழுதச் சொல்கிறார்கள். மனைவிமேல் எரிச்சல், மகளுக்கு வரப்போகும் மாப்பிள்ளைமேல் வெறுப்பு, வேலை போன வெறுமை என எல்லாவற்றையும் கொட்டுகிறார். நடுநடுவே பொய்யும் சொல்கிறார். பிள்ளை முழுக்க மௌனம்.

படத்தின் முடிவில் ஒரு கன்னியாஸ்திரீயிடமிருந்து கடிதம் வருகிறது. பையனுக்கு ஆறு வயது, எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஓர் ஓவியம் அனுப்பியிருக்கிறான். பெரியவர் ஒருவரும் சின்னப் பிள்ளையும் கைகோத்து நிற்கிறார்கள். ஷ்மிட் அழுகிறார். நாமும் அழுகிறோம். பலருக்கும் இது மீட்சியின் காட்சி. என்னைப் பிடித்து நிறுத்தியது ஓவியம் அல்ல, அந்தக் கன்னியாஸ்திரீ. அவர் பையன் எழுதியதுபோல எழுதவில்லை. நான் இன்னார், இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தன் பெயரில் எழுதுகிறார். நடுவில் இருப்பவர் கையெழுத்துப் போடுகிறார். எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களில் இது இருந்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து போனதிலும் இல்லை.

தமிழுக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் 1901 முதல் பிள்ளைகளை வளர்த்தவர் ஏமி கார்மைக்கேல். பணம் கேட்டு வேண்டுகோள் விடுவதில்லை என்பது அவர் கொள்கை. ஆனாலும் அவருடைய 'லோட்டஸ் பட்ஸ்' (1909) நூல் நிறைய அந்தப் பிள்ளைகளின் படங்கள். கேட்காமலே படம் பேசியது. முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். அவற்றில் பிள்ளைகளைப் பார்ப்பதும் அவர்தான், சொல்வதும் அவர்தான். ஆனால் அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. இது யார் கண் என்று நமக்குத் தெரியும், அதனால் சந்தேகத்தோடும் வாசிக்க முடியும்.

இந்த இடத்தில் "எல்லாமே ஏமாத்து வேலை, மதம் மாத்துற வேலை" என்று முடித்துவிடுவது சுலபம். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். கம்பேஷன் ஆதரித்த பிள்ளைகள் வளர்ந்தபின் எப்படி இருக்கிறார்கள் என்று புரூஸ் வைடிக்கும் சகாக்களும் இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஆதரவு பெற்றவர்கள் சராசரியாக ஓராண்டுக்கு மேல் கூடுதலாகப் பள்ளியில் படித்திருந்தார்கள். எங்கள் தோட்டத்து மனிதர்களுக்கு ஓராண்டு படிப்பு என்றால் என்னவென்று தெரியும். அதே அமைப்பு, அரசின் கெடுபிடியால் 48 ஆண்டுகளுக்குப் பிறகு 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டு வெளியேறியபோது 140,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ஆதரவு நின்றுபோனது. போவதா இருப்பதா என்று அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

"இங்கேயே அடையாள அட்டை இல்லாத நம்ம பிள்ளைங்க இருக்கும்போது வெளிநாட்டுக்கு எதுக்கு?" என்ற கேள்வியும் ஜொகூரில் அடிக்கடி காதில் விழும். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்பவர்களில் எத்தனை பேர் இங்குள்ள பிள்ளைக்கு ஒரு ரிங்கிட் கொடுத்திருக்கிறார்கள்? அம்மா இரண்டும் செய்தார்.

2019இல் வேர்ல்ட் விஷன் இந்த வடிவத்தைத் திருப்பிப் போட்டது. இப்போது ஸ்பான்சரின் படம் ஊருக்குப் போகும், பிள்ளை அதிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். நல்ல மாற்றம்தான். ஆனால் படம் இடம் மாறியதே தவிர கடிதம் மாறவில்லை. பிள்ளைக்கும் ஸ்பான்சருக்கும் நடுவே யாருமே இல்லாததுபோன்ற பாவனை அப்படியே இருக்கிறது. என் குறை உதவியின்மேல் அல்ல, இந்தப் பாவனையின்மேல். மொழிபெயர்ப்பு நாவலில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாவிட்டால் சண்டைக்குப் போகிறோம். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மொழிபெயர்ப்பவருக்குப் பெயர் வேண்டாமா? "அவள் இன்றைக்கு எழுதமாட்டேன் என்று அடம் பிடித்தாள், நான்தான் எழுதவைத்தேன்" என்று அவர் ஒரு வரி சேர்த்திருந்தால், அந்தப் பிள்ளை அன்றைக்கே எங்களுக்கு உயிரோடு வந்திருப்பாள்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஊரில் திட்டம் முடிந்துவிட்டது என்று ஒரு தாள் வந்தது. கூடவே வேறொரு பிள்ளையின் படம். "அப்ப அந்தப் புள்ள என்னா ஆச்சு?" என்று அம்மா கேட்டார். தாளில் அதற்குப் பதில் இல்லை. புதுப் பிள்ளைக்கும் அம்மா பணம் கட்டினார், கடிதம் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

பழைய கடிதங்கள் பிஸ்கட் டின்னில் இன்னும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு இப்போது என் வயதுதான் இருக்கும். அவளிடமும் ஒரு டின் இருந்து, அதில் அம்மா பெயரில் கடிதங்கள் இருந்தால், ஆங்கிலத்தில் அவற்றை எழுதியவன் நான். அதற்கு இங்கே கையெழுத்துப் போடுகிறேன்.