பிடுங்கி நட்ட நாற்று

கல்லங்குறிச்சிக்கு வெளியூர் ஆட்கள் வருவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான். கலியுக வரதராஜப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் ஒரு வகை. ராமநவமித் தேர் சமயத்தில் ஊர் கொள்ளாது. சுண்ணாம்புக்கல் ஏற்ற வரும் லாரிக்காரர்கள் இன்னொரு வகை. எப்போதாவது சுத்தியலும் தோள்பையுமாக நிலவியல் மாணவர்கள் வந்து இறங்குவார்கள். ஏழு கோடி வருடங்களுக்கு முன் இந்த இடம் கடலாக இருந்தபோது வாழ்ந்த சிப்பிகள் இங்கே கல்லாகிக் கிடக்கின்றன. அந்தப் பாறை அடுக்குக்கே இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஹாக்கி என்று சொல்லிக்கொண்டு யாரும் வந்ததில்லை. அரியலூர் என்றாலே சிமெண்ட், கொஞ்சம் வயதானவர்களுக்கு 1956 ரயில் விபத்து. அவ்வளவுதான்.

2022 மே 23 அன்று அந்தப் பட்டியலில் ஒரு பெயர் கூடியது. ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி, எதிரே பாகிஸ்தான். இந்தியா அனுப்பியிருந்தது பெரும்பாலும் இளைஞர்கள் கொண்ட அணி. அரியலூர்ப் பையன் செல்வம் கார்த்திக்கு இந்தியாவுக்காக அதுதான் முதல் ஆட்டம். முதல் கால்பகுதி முடிவதற்குள் அவர் கோல் அடித்துவிட்டார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பாகிஸ்தான் சமன் செய்து 1-1 ஆனது வேறு கதை. அதே அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் இருந்தார். பத்து வருடங்களுக்கு மேலாக மூத்தோர் அணியில் தமிழ்நாட்டு ஆள் இல்லாத குறையை இருவரும் ஒரே நேரத்தில் தீர்த்தார்கள். அந்த அணி வெண்கலத்தோடு திரும்பியது.

இருவரும் ஒரே இடத்தில் உருவானவர்கள்: கோவில்பட்டியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் ஹாக்கி சிறப்பு மையம். மாவட்டங்களில் தேறும் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே எடுத்து, விடுதியில் தங்கவைத்து, பக்கத்துப் பள்ளியில் சேர்த்து, காலையும் மாலையும் பயிற்சி தருகிற ஏற்பாடு. கார்த்தியின் ஆரம்ப வருடங்களை இந்த ஏற்பாட்டின் வெற்றியாகப் பலர் எழுதிவிட்டார்கள். வெற்றிதான், மறுக்க முடியாது. ஆனால் எதில் வெற்றி, எவ்வளவு வெற்றி என்று கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் அதற்குரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். பதின்மூன்று வயதுப் பையனுக்கு விளையாட்டு விடுதி தருகிற முதல் பொருள் சோறு. இதைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிப்பார்கள். முட்டை, பால், கறி மூன்றும் நேரத்துக்குக் கிடைத்தால் வளர்கிற உடம்பு எப்படி மாறும் என்பதை ஒரு வருடம் கழித்து லீவுக்கு வரும் பையனைப் பார்த்தால் தெரியும். இரண்டாவது, ஸ்டிக். ஆட்டத்துக்குத் தகுந்த நல்ல ஸ்டிக் ஒன்று சில ஆயிரங்களாவது பிடிக்கும். கூலிக்குப் போகும் வீட்டில் அது ஒரு மாத மளிகை.

மூன்றாவதுதான் தரை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைப் புல்தரைக்கு மாறியது. அதுவரை தங்கமாகவும் வெள்ளியாகவும் வெண்கலமாகவும் வாங்கிக் குவித்த இந்தியா அந்த முறை ஏழாவது இடத்தில் வந்து நின்றது. நம் பள்ளி மைதானத்துச் செம்மண்ணில் பந்து எந்தக் கல்லில் பட்டு எங்கே எகிறும் என்று தெரியாது. ஆடுகிறவன் பந்தை ஒட்டியே ஓடி, ஸ்டிக்கால் அதை அடக்கப் பழகுகிறான். தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு பாயும். இடுப்பை வளைத்துத் தாழ நிற்க வேண்டும், பந்து வருவதற்கு முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று முடிவெடுத்திருக்க வேண்டும். மண்ணில் பழகியது பாதி உதவும், பாதியை மறக்க வேண்டும். இருபது வயதில் மறப்பது கஷ்டம், பதினான்கில் எளிது. ஆகவே சின்ன வயதிலேயே டர்ஃப் இருக்கும் ஊருக்குப் பிள்ளையை அனுப்புவது சரியான கணக்கு. கார்த்தி அரியலூரிலேயே இருந்திருந்தால் ஜகார்த்தா வந்திருக்காது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் விடுதிக்குக் கொடுக்கும் பெருமையில் ஒரு பங்கு கோவில்பட்டிக்குச் சேர வேண்டியது. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்போன அந்த ஊர் பல தலைமுறையாக ஹாக்கி பார்க்கிற ஊர். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு மைதானத்துக்கு நடக்கிறவர்கள் அங்கே உண்டு. ரயில்வே, வங்கி, ராணுவ அணிகளின் ஆட்டக்காரர்களைப் பக்கத்திலிருந்து பார்த்து வளரும் பையனுக்குக் கோச் சொல்லாமலே பாதி விஷயம் கண் வழியாக ஏறிவிடும். இதே கட்டிடத்தை, இதே பயிற்றுநர்களை ஹாக்கி பேசாத ஓர் ஊரில் கொண்டுபோய் வைத்தால் இதே பலன் வருமா என்பது எனக்குச் சந்தேகம்.

இங்கேதான் நடைமுறையின் பெரிய ஓட்டை இருக்கிறது. நாற்றங்காலில் வளர்ந்ததைப் பிடுங்கி வேறு வயலில் நடுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் விவசாயி அடுத்த வருடத்துக்கும் நாற்றங்கால் விடுவான். விளையாட்டு விடுதி முறையில் நாற்று போகிறது, நாற்றங்கால் அப்படியே கிடக்கிறது. கார்த்தி இந்திய அணிக்கு ஆடிய பிறகும் கல்லங்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் விடுமுறையில் கையில் எடுப்பது கிரிக்கெட் மட்டையைத்தான். டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கார்த்தியைப் பற்றிச் சொன்னேன். "நம்ம அரியலூர் புள்ளையா? சந்தோஷம் தம்பி. எத்தனை ரன் அடிச்சான்?" என்றார். சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால் அவர் மேல் என்ன தப்பு? அவர் கண்ணெதிரே ஒரு ஹாக்கி ஆட்டமாவது நடந்திருக்க வேண்டுமல்லவா.

ஒப்பிட ஒடிசாவின் சுந்தர்கரைப் பாருங்கள். சௌனாமாரா என்ற ஒரே கிராமத்திலிருந்து முன்னாள் இந்தியக் கேப்டன் திலீப் திர்க்கி, பிறகு அமித் ரோகிதாஸ். அங்கேயும் விடுதிகள் உண்டு, பிள்ளைகளைப் பிரித்து அழைத்துப் போவதும் உண்டு. ஆனால் ஊரில் ஆட்டம் நிற்பதில்லை. பரிசாக ஆட்டுக்கிடா வைத்து நடக்கும் கிராமப் போட்டிகள் ஓயாமல் நடக்கின்றன. மாவட்டத்தின் பதினேழு ஒன்றியங்களிலும் செயற்கைத் தரை போட வேண்டும் என்று அந்த அரசு திட்டம் வகுத்தது. விடுதி அங்கே மேல்படி. அரியலூருக்கு அதுதான் முதல் படி, அதுவே கடைசிப் படியும்.

தேர்வு நடக்கும் விதத்திலும் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு கோளாறு உண்டு. கனடாவில் பனித்தரை ஹாக்கிதான் தேசத்தின் உயிர். அங்கே வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 எல்லை. 1985-இல் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் சகாக்களும் ஆட்டக்காரர்களின் பிறந்த தேதிகளை எடுத்துப் பார்த்தபோது ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறிக் குவிந்திருந்தார்கள். காரணம் ஜாதகம் இல்லை. பத்து வயதில் ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். உயரமானவனைத் திறமைசாலி என்று தேர்வாளர் எடுத்துக்கொள்கிறார், எடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது, கடைசியில் அவன் உண்மையாகவே திறமைசாலி ஆகிவிடுகிறான்.

நம் விடுதித் தேர்வு 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்கு நடக்கிறது. ஓட்டம், தாண்டல், பிறகு ஆட்டத்திறன். ஏழாம் வகுப்பில் வேகமாக ஓடுகிறவன் பெரும்பாலும் சீக்கிரம் வயதுக்கு வந்தவன்தான். நம் ஊரில் இதற்கு ஓர் உபசிக்கலும் உண்டு. கிராமத்தில் பலருக்குப் பிறந்தநாள் என்பது ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுத் தந்தது. அதனால் மே, ஜூனில் பிறந்தவர்கள் நம்மிடையே அதிகம். (எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர்.) சான்றிதழை நம்ப முடியாமல் கடைசியில் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே நாள் தேர்வில் பன்னிரண்டு வயதுப் பையனின் பத்து வருட எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் முறையில், மெதுவாக வளரும் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள்? திரும்பிப் போனவர்களை எண்ணி வைக்க யாருக்கும் வேலை இல்லை.

உள்ளே போனவர்கள் கதையும் ஒரே மாதிரி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பெரும்பாலானவர்களுக்கு விடுதி முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் கல்லூரி அணி, அதிர்ஷ்டம் இருந்தால் ரயில்வே, ராணுவம், வங்கி. தமிழ்நாட்டு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, ஆனால் அந்த வாசலுக்கு வரத் தேவையான பதக்கம் எல்லோரிடமும் இருக்காது. கனடாவிலும் பதினைந்து, பதினாறு வயதுப் பையனை ஜூனியர் லீக் அணி தேர்ந்தெடுத்து, வேறு ஊரில் முன்பின் தெரியாத குடும்பத்தில் தங்கவைத்து ஆட வைக்கிறது. பதினெட்டில் பெரிய லீக்கின் டிராஃப்ட்: 32 அணிகள், ஏழு சுற்று, மொத்தம் 224 பேர். பாக்கிப் பேர் வீட்டுக்கு. அதுவும் கொடுமையான வடிகட்டல்தான். ஆனால் அந்த ஜூனியர் லீக்குகளில், பையன் ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடக் கல்லூரிப் படிப்புச் செலவை அணி ஏற்கும் வழக்கம் இருக்கிறது. உன் பதினாறாவது வயதை எடுத்துக்கொண்டோம், அதற்கு ஈடாக இது என்று ஒரு கணக்கு. நம் விடுதி முறையில் அந்தக் கணக்கு எழுதப்படவே இல்லை. காலையும் மாலையும் மைதானம், நடுவில் தூக்கக் கலக்கத்தில் கணக்குப் பாடம். ஆட்டம் கைவிட்டால் படிப்பும் கைவிட்டிருக்கும்.

இந்தச் சல்லடையில் தேறிய கார்த்திக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று பார்த்தால் நடைமுறையின் இன்னொரு முகம் தெரியும். 2022 நவம்பரில் புவனேஸ்வரில் நியூசிலாந்தை 7-4 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை: மலேசியாவுக்கு எதிரான 5-0 ஆட்டத்தில் முதல் கோல், அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராக ஒன்று, இறுதியில் மலேசியாவை 4-3 என்று வென்று கோப்பை. சொந்த மாநிலக் கூட்டத்தின் முன் அதைவிட நல்ல மேடை கிடைக்காது. ஆனாலும் அடுத்த மாதம் ஹாங்சௌ ஆசிய விளையாட்டு அணியில் அவர் பெயர் இல்லை. 2023 உலகக் கோப்பையிலும் இல்லை, 2024 பாரிஸிலும் இல்லை. 2025-இல் ராஜ்கிர் ஆசியக் கோப்பைக்கு மாற்று ஆட்டக்காரர்களில் ஒருவராகப் பெயர் வந்தது. அந்த நவம்பரில் இப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா கோப்பையில் வெள்ளி வென்ற அணியில் மறுபடி ஆடினார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மன்தீப், அபிஷேக், சுக்ஜீத், லலித் என்று வரிசைகட்டி நின்ற முன்களத்தில் இடம் பிடிப்பது சாதாரணமில்லை. ஒலிம்பிக்குக்குப் போவது பதினாறு பேர் மட்டும். ஆனால் வாசல்படியில் நிற்கும் ஆட்டக்காரனை உள்ளே தள்ளுவது வாரா வாரம் கிடைக்கும் கடினமான ஆட்டம். பஞ்சாப், ஒடிசா பையன்களுக்கு அது உள்ளூரிலேயே கிடைக்கிறது. தமிழ்நாட்டுப் பையனுக்குத் தேசிய முகாமை விட்டு வந்தால் மோதத் தகுந்த எதிராளி குறைவு. ஹாக்கி இந்தியா லீக் மீண்டும் தொடங்கி, தமிழ்நாடு டிராகன்ஸ் அணியில் அவர் ஆடுவது இந்தக் குறைக்கு ஓரளவு மருந்து. சில வாரப் போட்டி வருடம் முழுக்கப் போதாது.

பத்திரிகைகளையும் விட்டுவிட மனம் வரவில்லை. கார்த்தியைப் பற்றி வந்த செய்திகளில் வீட்டுக் கூரையைப் பற்றிப் படித்த அளவுக்கு அவர் ஆட்டத்தைப் பற்றிப் படித்ததில்லை. எந்தப் பக்கமாக டி-க்குள் நுழைவார், ரிவர்ஸ் அடி எப்படி, பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறார் — ஒன்றும் கிடையாது. ஏழ்மையை எழுதினால் படிப்பவர் கண் கலங்கும். ஆட்டத்தை எழுத ஆட்டம் தெரிய வேண்டும். இப்படி எழுதி எழுதி, வறுமைதான் வீரனை உருவாக்குகிறது என்ற பொய்யை நாமே நம்பத் தொடங்கிவிட்டோம். அதே வறுமையில் எத்தனையோ பிள்ளைகள் ஏழாம் வகுப்புத் தேர்வுக்குப் பஸ் காசில்லாமல் போகாமலே விட்டிருப்பார்கள்.

ஆகவே என் கணிப்பு இது. விடுதி முறை தனி ஆட்டக்காரனை உருவாக்குகிறது, அதை நன்றாகவே செய்கிறது, ஆட்டத்தை உருவாக்குவதில்லை. 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர் வி. பாஸ்கரன் தமிழ்நாட்டுக்காரர். 2004 ஏதென்ஸில் ஆடம் சின்கிளேர் ஆடினார். அதன் பின் ஒலிம்பிக் ஹாக்கி ஆண்கள் அணியில் தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லை. 2025 இறுதியில் இளையோர் உலகக் கோப்பையைச் சென்னையிலும் மதுரையிலும் கோலாகலமாக நடத்தினோம், இந்தியா வெண்கலம் வாங்கியது. அந்த அணியில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவர்கூட இல்லை.

அரியலூரில் பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவர்கள் கட்டும் உரிமத்தொகையோடு சேர்த்து மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் ஒரு பங்கு போகிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவிடவே அந்தச் சட்டத் திருத்தம் 2015-இல் வந்தது. லாரி லாரியாக நாம் அனுப்பிய கல், கண்காணாத ஊர்களில் பாலமாகவும் மாடியாகவும் நிற்கிறது. அந்த நிதியிலிருந்து இந்த மாவட்டத்துக்கு ஒரு ஹாக்கி டர்ஃப், அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பயிற்றுநர்கள், பள்ளிகளுக்கிடையே வருடம் முழுக்க ஓடும் ஒரு போட்டி: கேட்பதற்கு இது அதிகமில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் குடிநீர், சாலை, தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு, கல்லங்குறிச்சியில் யாராவது ஒருவர் எழுந்து இதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.